"திறமைசாலிப் பிள்ளைகளுக்கான வார இறுதி வகுப்பு": ரூ.18,500 போனது

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம்.

மகள் நான்காம் வகுப்பு. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு மாடியில் இலவசத் திறனறித் தேர்வு, தேறுகிறவர்களுக்கு மட்டும் சனி, ஞாயிறு சிறப்பு வகுப்பு. போனோம். 99ஐ 7ஆல் பெருக்கும் கணக்குக்கு என் மகள் 700 எழுதி, அதில் 7ஐக் கழித்து 693 என்று போட்டிருந்தாள். நடத்துகிற அம்மையார் தாளை விரித்து, அந்த வரியில் விரலை வைத்து, "இதை யார் சொல்லிக் கொடுத்தது சார்?" என்றார். யாரும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு மெதுவாக, "இந்தப் பிள்ளையைச் சும்மா விட்டுவிடாதீர்கள்" என்றார். அந்த இடத்தில் கவிழ்ந்தேன். பிள்ளையைப் புகழும்போது எந்தத் தகப்பன் பேரம் பேசுவான்? உட்கார்ந்த இடத்திலிருந்தே 18,500ஐயும் செல்போனில் அனுப்பினேன். திரையில் வந்தது ஏதோ தனி ஆளின் பெயர். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

சொன்னது 40 வகுப்பு, அறைக்கு 12 பிள்ளைகள், ரோபோ செய்யும் பெட்டி, கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள். நடந்தது, ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே ஹாலில், ஒரு கல்லூரி மாணவி, வண்ணம் தீட்ட ஜெராக்ஸ் தாள். தேர்வு எழுதிய ஒரு பிள்ளைகூடத் தேறாமல் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறாவது சனிக்கிழமை பூட்டு.

போன் செய்தால் "சார் சென்னையில் இருக்கிறார்". அடுத்த வாரம், "சித்திரைத் திருவிழா முடியட்டும்". அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார், இவர்கள் திரும்பவில்லை. பிறகு "ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம்". பணத்தைக் கேட்டதும், "ரசீதின் பின்பக்கம் படிக்கவில்லையா, கட்டிய தொகை திரும்பாது." எனக்கு ரசீதே கொடுக்கவில்லை! நேற்று முதல் என் அழைப்பு போவதே இல்லை. கட்டட உரிமையாளரும் மூன்று மாத வாடகைக்காக அவர்களைத் தேடுகிறார்.

யோசனைகள் நிறைய எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். ஒரு வகுப்பையாவது உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, நான் திங்கட்கிழமை போகிறேன். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதை விட்டுவிட்டு 18,500ஐத் தூக்கிக் கொடுத்தேன்.

இன்று காலை வேறொரு பள்ளி வாசலில் அதே நோட்டீஸ், புதுப் பெயரில். கீழே அதே செல்போன் எண்.