‘மாதிரித் திருத்தம்’ கேட்கும் பதிப்பகங்கள்: பகுதிநேரப் பிழைதிருத்துநர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிழைதிருத்தம், பிரதி செம்மையாக்கம் (எடிட்டிங்), மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தனித்தொழிலாகச் செய்து பிழைப்பவர்களுக்காகவும், தமிழ் முதுகலை முடித்துவிட்டு இத்துறைக்கு வர எண்ணும் இளையவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சென்னையில் இயங்கும் பதிப்பகம் ஒன்று, ஆள் எடுக்கும் தேர்வு என்று சொல்லி நூல் ஒன்றின் இயல்களைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் முழு நூலையும் திருத்தி வாங்கி அச்சிட்டு விற்றது. என்னைப் போலவே இன்னும் சிலர் அதில் ஏமாற்றப்பட்டிருக்கிறார்கள் என்பது இப்போது உறுதியாகத் தெரியும்.

“அனுபவமுள்ள செம்மையாக்குநர்கள் தேவை, வீட்டிலிருந்தே வேலை, பக்கத்துக்கு இவ்வளவு” என்ற விளம்பரம் வாட்ஸப் குழுக்களில்தான் முதலில் வந்தது. நான் விண்ணப்பித்த மறுநாளே அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசினார். மரியாதையாகவே பேசினார். “மேடம், உங்கள் வேலையை நாங்கள் பார்த்திருக்கிறோம், இது ஒரு சம்பிரதாயம்தான், ஓர் இயலை மட்டும் திருத்தி அனுப்புங்கள், ஆசிரியர் குழு பார்த்துவிட்டு மொத்த நூலையும் உங்களிடமே கொடுத்துவிடும்” என்றார். வந்த கோப்பு, நறுமணப் பொருள் வணிகத்தைப் பற்றிய ஆங்கில வரலாற்று நூலொன்றின் மொழிபெயர்ப்பு. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போன பிரதி அது. அதைப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதே பெரும் வேலை. அதன் பிறகுதான் ஒற்று, ஒருமை பன்மை, நீண்டு சிக்கிக்கொண்ட வாக்கியங்கள், ஆண்டுகள், பெயர்கள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடிந்தது. கடலோடி மகெல்லன் உலகைச் சுற்றிவிட்டு ஸ்பெயின் திரும்பினார் என்று அந்தப் பிரதியில் இருந்தது. அவர் 1521இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார் என்றும், 1522இல் எஞ்சிய ஒரே கப்பலை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவருடன் சென்ற எல்கானோ என்றும் திருத்தி, ஓரக்குறிப்பில் காரணமும் எழுதினேன். வரலாற்று நூலில் இப்படியொரு பிழையை விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் அப்போது என் மனத்தில் இருந்தது.

சில வாரங்கள் கழித்து, “தங்கள் மாதிரி எங்கள் நடைக்குப் பொருந்தவில்லை” என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது.

சனவரியில் நந்தனத்தில் நடந்த புத்தகக் காட்சியில் அந்த நூலைப் பார்த்து வாங்கினேன். எனக்குத் தரப்பட்டிருந்த இயலை என் கோப்போடு வரிவரியாக ஒப்பிட்டேன். என் திருத்தங்கள் அப்படியே இருந்தன. எல்கானோவைப் பற்றி ஓரக்குறிப்பில் எழுதியிருந்த வாக்கியம்கூட, சொல் மாறாமல், நூலின் வாசகத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தது. பதிப்புரிமைப் பக்கத்தில் செம்மையாக்கம் செய்தவர் என்று யார் பெயரும் இல்லை.

மற்ற இயல்களைப் படித்தபோதுதான் இந்த ஏமாற்றின் முழு அளவும் புரிந்தது. ஒரு நூலைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருவர் திருத்தினால், முதல் வேலையாக ஒரு சொற்பட்டியல் போட்டு, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் எங்கும் ஒரே வடிவில் வருமாறு பார்த்துக்கொள்வார். இந்த நூலில் 1498இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய பகுதி ஓர் இயலில் கள்ளிக்கோட்டை, அடுத்ததில் காலிகட், அதற்கும் அடுத்ததில் கோழிக்கோடு. விவரம் அறியாத மாணவர் ஒருவர் இவற்றை மூன்று ஊர்கள் என்றே நினைப்பார். போர்த்துக்கீசியர் ஓரிடத்தில் பறங்கியர் ஆகிறார்கள், இன்னோரிடத்தில் போர்ச்சுகீஸ்காரர்கள். என் இயலில் பிலிப்பைன்ஸில் இறந்த மகெல்லன், கடைசி இயலில் நலமாக ஊர் திரும்புகிறார். ஒருவர் திருத்தியதை மற்றவர் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பணம் கொடுத்து வாங்கும் வாசகரும் இதில் ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு என் கூலியைவிடக் கூடுதலாக வலிக்கிறது.

தெரிந்தவர்கள் வழியாக விசாரித்ததில் வேறு இயல்களைத் திருத்திய இருவர் கிடைத்தனர். ஒருவர் நாளிதழில் துணையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்னொருவர் கல்லூரியை அப்போதுதான் முடித்த பெண். இதுவே அவர் செய்த முதல் வேலை. “உங்கள் மாதிரி பொருந்தவில்லை” என்ற அதே இரண்டு வரி அவருக்கும் வந்திருக்கிறது. தனக்கு மொழியறிவு போதாது என்று முடிவு செய்து அவர் ஒரு கடையில் கணக்கெழுதப் போய்விட்டார். அவர் திருத்திய இயல்தான் அந்த நூலிலேயே மிகச் சுத்தமானது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மூவரும் சேர்ந்து எழுதிய கடிதத்துக்கு, “மாதிரி என்று ஒப்புக்கொண்டுதானே செய்தீர்கள்” என்பதே முதல் பதில். சான்றுகளைப் பக்க எண்ணோடு அனுப்பிய பிறகு, எனக்கும் ஓய்வுபெற்றவருக்கும் ஒரு சிறு தொகை தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் இல்லை என்றதால் நாங்கள் இருவரும் மறுத்துவிட்டோம்.

இது எளிதில் நடப்பதற்குக் காரணம், எழுத்து வேலைக்குக் கூலி கேட்பதே கூச்சமான காரியம் என்று நம்மிடையே நிலவும் எண்ணம். தமிழில் எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் என்றும் குறைவு. பாரதியார் 1904இல் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்து, செய்திகளை மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையைச் செய்தார். புதுமைப்பித்தனுக்கும் சோறு போட்டது பத்திரிகை வேலைதான். அசோகமித்திரன் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றினார். எழுதுபவருக்கு வேறொரு பிழைப்பு இருக்கும் என்ற அந்த எதிர்பார்ப்பு, திருத்துபவர் மீதும் அப்படியே சுமத்தப்படுகிறது. 1974இல் தொடங்கப்பட்ட க்ரியா போன்ற சில பதிப்பகங்கள் செம்மையாக்கத்தை நூலாக்கத்தின் நடுநாயகமான வேலையாகக் கருதின என்பது உண்மை. அது பரவலான வழக்கமாகவில்லை என்பதும் உண்மை. இன்று இத்துறையில் இருப்பவர்கள் காலையில் ஆய்வேட்டுக்கு மெய்ப்புப் பார்த்து, மதியம் விளம்பர வாசகம் எழுதி, இரவில் தொடருக்கு வசனத் துணையெழுத்து (சப்டைட்டில்) போட்டு மாதத்தை ஓட்டுகிறார்கள். ஒரு முழு நூல் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை விளம்பரம் கொடுத்தவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

ஒருவருடைய திறமையை அறிய ஐந்நூறு சொற்கள் போதும். ஒற்று தெரிகிறதா, வாக்கியத்தைப் பிரிக்கத் தெரிகிறதா, ஆண்டைச் சரிபார்க்கத் தோன்றுகிறதா என்பதெல்லாம் இரண்டு மூன்று பக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். முழு இயலையும் கேட்பவர் தேர்வு வைக்கவில்லை, வேலை வாங்குகிறார். அப்படிக் கேட்டால், அந்த இயலுக்கு உரிய தொகையைச் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலை மின்னஞ்சலில் பெற்ற பிறகு கோப்பைத் திறவுங்கள். பக்கக் கணக்கு என்றால் எந்தப் பக்கம் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏ4 தாளில் இருக்கும் கோப்பின் பக்கமும், அதைவிடச் சிறிய டெமி அளவில் அச்சாகும் நூலின் பக்கமும் ஒன்றல்ல; தொகையைச் சொல்லும்போது ஒன்றும் கொடுக்கும்போது மற்றொன்றும் கணக்காகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சட்டத்தில் ஓரளவு பிடிமானம் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பும் தனிப் படைப்பே. அதன் 19ஆம் பிரிவு, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது; காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும். படைப்பு தன்னுடையது என்று உரிமை கோர 57ஆம் பிரிவு இடம் தருகிறது. செம்மையாக்குநருக்கு இவ்வளவு தெளிவான பாதுகாப்பு இல்லாததால், பதிப்புரிமைப் பக்கத்தில் பெயர் வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது அவசியம்.

பணத்தைப் பொறுத்தவரை, தனியாக வேலை செய்பவரும், சிறுதொழில்களைப் பதிவு செய்யும் அரசு இணையதளமான உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. பதிவு பெற்றவருக்கு, 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். வேலையை ஏற்கும் முன்பே பதிவு செய்திருப்பது பாதுகாப்பானது. நீதிமன்றம் போவதானால் பொதுவாக மூன்றாண்டுக்குள் போக வேண்டும்.

இதே பதிப்பகம் புதிய எழுத்தாளர்களிடம், நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனியாகப் பணம் வசூலிப்பதாக ஒருவர் ரசீதோடு காட்டினார். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றியே வழங்குகிறது.

அவர்களுடைய விளம்பரம் வேறொரு பெயரில் மீண்டும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. நூல் மாறியிருக்கிறது, கேட்பது இப்போதும் ‘ஓர் இயல் மட்டும்’தான். ஏற்கெனவே இயலைத் திருத்திக் கொடுத்துவிட்டவர்கள், மாற்றங்கள் பதிவாகியிருக்கும் கோப்பையும் அதை அனுப்பிய மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்திருங்கள். நூல் வெளிவந்ததும் உங்கள் இயலோடு நில்லாமல் எல்லா இயல்களையும் படித்துப் பாருங்கள். மற்றவர்களைத் தேடிப் பிடிக்க அதுவே உதவும். நறுமணப் பொருள் நூலின் மீதி இயல்களைத் திருத்தியவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். நாங்கள் மூவரும் இப்போது வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பத் தயாராகி வருகிறோம். உங்கள் பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டும்.