கார்பன் ஸ்டீல் க்ரேப் சட்டி: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

வீட்டிலேயே மெல்லிய தோசை போன்ற பிரெஞ்சு க்ரேப் சுட ஆசைப்படுகிறவர்கள் முதலில் நல்ல கார்பன் ஸ்டீல் சட்டி ஒன்றை வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 2020-ல், எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) சமயத்தில், வெளியே போக முடியாமல் ஆளாளுக்கு வீட்டில் எதையாவது சுட்டுக்கொண்டிருந்தபோது இணையத்தில் வாங்கியது என்னுடையது. 24 சென்டிமீட்டர் அகலம், தாழ்வான விளிம்பு, நீளமான இரும்புக் கைப்பிடி. இன்றுவரை மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் அடுப்பில் வாராவாரம் ஏறுகிறது. அதற்கு முன்னால் இருந்த ஒட்டாத சட்டிகள் நடுவில் வெளுத்து, பூச்சு உரிந்து குப்பைக்குப் போய்விட்டன. இது மட்டும் நாளாக ஆக நன்றாகிக்கொண்டே போகிறது.

க்ரேப்புக்கு நல்ல சூடு வேண்டும், 200 டிகிரியைத் தாண்டின சூடு. மாவு விழுந்ததும் ஸ்ஸ் என்று சத்தம் வரவேண்டும். பாலும் முட்டையும் சேர்ந்த மாவு அந்தச் சூட்டில்தான் பொன் நிறமாகிப் பழுப்புக் கோடு விழுந்து மணக்கும். சூடு பற்றாவிட்டால் வெளிறிப்போய், கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். ஒட்டாத சட்டியைக் காலியாக வைத்து அடிக்கடி இப்படிக் காயவிட்டால் பூச்சு தாங்காது. கார்பன் ஸ்டீலுக்கு அந்தக் கவலை இல்லை. தகடு தடிமனாக இருப்பதால் குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சூடு சட்டென்று இறங்குவதில்லை.

புதுச் சட்டி துரு பிடிக்காமல் இருக்க மேலே தேன்மெழுகோ எண்ணெயோ பூசித்தான் வரும். அதைக் கொதிநீரில் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, பிறகு தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரியே பழக்க வேண்டும். எண்ணெயைத் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்துவிட்டு, புகை வரும்வரை சூடு பண்ணி, ஆறவிட்டு, மறுபடியும் அதே வேலை. எண்ணெய் கூடினால் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும், அதனால் துடைப்பதுதான் முக்கியம். எந்த எண்ணெய் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், வீட்டில் இருப்பதும் செம்பனை எண்ணெய்தான், ஆனால் இந்த வேலைக்கு மட்டும் சூரியகாந்தி எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். சூட்டில் இறுகிக் கெட்டியான படலமாக மாறும் தன்மை அதில் அதிகம். செம்பனை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு கூடுதல் என்பதால் அந்தப் படலம் பிடிக்க ரொம்ப நேரம் எடுக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் சாயங்காலமானால் மழை, வீட்டுக்குள் எப்போதும் ஈரக்காற்று. இந்தச் சட்டிக்குப் பெரிய எதிரி அதுதான். கழுவி அப்படியே கவிழ்த்து வைத்தால் காலையில் துருப் புள்ளி எட்டிப்பார்க்கும். சுட்டு முடித்ததும் வெறும் சுடுதண்ணீரில் கழுவி, மறுபடி அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிடுகிறேன். அப்புறம், புளி, தக்காளி எதுவும் இதில் வேகக்கூடாது. "ஏண்டி, இவ்ளோ நல்ல சட்டியில சம்பல் பெரட்டினா என்ன?" என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். புளிப்பு, பழக்கின கறுப்புப் படலத்தை அரித்துவிடும் அம்மா, அதனால்தான்.

மாவுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: 250 கிராம் கோதுமை மாவு (ரொட்டி சானாய்க்கு, அதாவது பரோட்டாவுக்கு வாங்குகிறோமே, அதே சாதாரண வெள்ளை மாவு), 3 முட்டை, அரை லிட்டர் பால், உருக்கிய வெண்ணெய் 40 கிராம், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு (வெண்ணெயில் உப்பு இல்லாவிட்டால் மட்டும்). மாவின் நடுவே குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் கட்டி விழாது. கலக்கியவுடன் சுடாதீர்கள். மிக்சியில் அடித்தால்கூட ஒரு மணி நேரமாவது ஊறவேண்டும். மாவில் உள்ள பசைத்தன்மை அப்போதுதான் தளரும், மாவுத் துகளும் பாலைக் குடித்து உப்பிவிடும், நுரையும் அடங்கும். தோசை மாவு மாதிரி மேசையில் வைத்துவிட வேண்டாம், நம் வெயிலில் பச்சை முட்டையும் பாலும் கெட்டுவிடும், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரவே கரைத்து வைத்துவிட்டால் காலைப் பசியாறலுக்கு இன்னும் நல்லது. ஊறியபின் கெட்டியாகியிருக்கும், கொஞ்சம் பால் விட்டு, கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லிய படலமாக நிற்கும் பதத்துக்குத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

சுடும்போது நம் தோசைக் கையை மறக்க வேண்டியிருக்கும். கரண்டியால் தேய்க்கவே கூடாது. ஒரு கையில் சட்டியைத் தூக்கி, மறு கையால் கால் கப் மாவை நடுவில் ஊற்றி, உடனே மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும், மாவு தானாக ஓடி விளிம்பைத் தொடும். இரண்டு மூன்று நொடிக்குள் முடியாவிட்டால் மாவு உறைந்து நின்றுவிடும். அப்புறம் கவனித்துப் பாருங்கள்: மேலே பளபளப்பு மங்கும், ஓரம் மெல்லிய சரிகை மாதிரி காய்ந்து, பழுப்பேறி, சட்டியை விட்டுத் தானாக எழும்பும். அந்த ஓரத்தை விரல் நுனியால் பிடித்துத் திருப்பலாம். மறுபக்கத்துக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். ஒவ்வொரு க்ரேப்புக்கும் நடுவில் வெண்ணெய் தடவ, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கை முள்கரண்டியில் குத்தி வைத்துக்கொள்கிறேன். வெங்காயம் என்றால் இனிப்புக்கு வாசனை ஒத்துவராது.

பிரான்சின் பிரித்தானி பகுதிதான் க்ரேப்புக்குப் பேர்போன இடம். அங்கே 40 சென்டிமீட்டர் வட்ட வார்ப்பிரும்புக் கல்லில், டி வடிவ மரக்கட்டையால் மாவை வட்டமாக இழுத்துப் பரப்புகிறார்கள். உப்பில்லாத வெண்ணெயைத் தேடி ஈப்போவுக்கு அலைய வேண்டாம், பிரித்தானிக்காரர்களே உப்பு வெண்ணெயைத்தான் விரும்புவார்கள். பழைய பிரெஞ்சு அரசின் உப்பு வரியிலிருந்து அந்தப் பகுதிக்கு விலக்கு இருந்தது, உப்பு மலிவு, அதனால் வெண்ணெயில் தாராளமாகச் சேர்த்துப் பழகிவிட்டார்கள். நம் கடைகளில் கிடைக்கும் உப்பு வெண்ணெயே போதும், மாவில் தனியாக உப்பு போடாதீர்கள். காரவகைக்கு அவர்கள் பக்வீட் என்ற தானிய மாவு, தண்ணீர், உப்பு மட்டும் கரைத்து கலெத் சுடுவார்கள். அந்த மாவு இங்கே விலை அதிகம், மெல்லிசாக வர கை ரொம்பப் பழக வேண்டும், ஆனால் மேலே முட்டையை உடைத்து ஊற்றி நாலு ஓரத்தையும் மடித்துத் தட்டில் வைத்தால் இராச்சாப்பாட்டுக்கு வேறெதுவும் தேவைப்படாது. பிப்ரவரி 2-ம் தேதி அங்கே வீடு வீடாக க்ரேப் சுடுவார்கள், ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் போட்டால் வருஷம் முழுக்கக் கையில் பணம் தங்கும் என்பது நம்பிக்கை. என் பசங்க ஐம்பது காசை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

உள்ளே வைக்க என் முதல் தேர்வு சீனியும் லீமாவ் நீப்பிஸ் (எலுமிச்சை) சாறும்தான். அடுத்தது வெண்ணெயில் லேசாக வாட்டிய பீசாங் மாஸ் வாழைப்பழம். கூலா மலாக்கா என்ற பனைவெல்லத்தில் கிளறிய தேங்காய்ப்பூவை வைத்தால், அதே பூரணத்தைச் சுருட்டி வைக்கும் மலாய்ப் பலகாரம் கூவே கெத்தாயாப் ஞாபகம் வந்துவிடும், அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கனம் ஒரு கிலோவுக்கு மேல். மணிக்கட்டு வலி உள்ளவர்களால் சுழற்ற முடியாது. அம்மா சட்டியை அடுப்பிலேயே வைத்துக்கொண்டு அந்த டி கட்டையால்தான் பரப்புகிறார், கொஞ்சம் தடிமனாக வரும், ருசிக்குக் குறைவில்லை. சின்ன பர்னரில் வைத்தால் நடு மட்டும் தீயும், பெரிய பர்னரில் நடுத்தரத் தீயில் ஐந்து நிமிடம் நிதானமாகக் காயவிடுங்கள். கேஸ் தோம்பு (சிலிண்டர்) முடியும் தறுவாயில் தீ இறங்கிவிட்டால் அன்றைக்கு வேறு ஏதாவது செய்வது நல்லது. இண்டக்‌ஷன் அடுப்பில் எடுத்தவுடன் முழுச் சூட்டில் வைத்தால் அடி வளைந்துவிடும், வளைந்ததைச் சரிசெய்வது கஷ்டம்.

மிஞ்சின க்ரேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். மைக்ரோவேவ் வேண்டாம், தொய்ந்துவிடும். அதே சட்டியில் துளி வெண்ணெயோடு ஒரு பக்கத்துக்கு இருபது நொடி காட்டினால் ஓரம் மறுபடி மொறுமொறுப்பாகிவிடுகிறது.