உள்ளறையா, ஜன்னலா, பால்கனியா? கப்பலில் கேபின் எடுக்கும் முன்

கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போடுகிறவர்கள் எந்த ஊர், எத்தனை ராத்திரி, சாப்பாடு எப்படி என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கேபின் என்று வந்ததும் ஏஜென்ட் சொன்னதற்குத் தலையாட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் பஞ்சாயத்தே கேபினுக்குத்தான். கல்லூரியில் படிக்கும் மகன் ஜன்னலே இல்லாத உள்ளறை போதும் என்றான். பண்ருட்டி மச்சினன், "பால்கனி இல்லாம எதுக்கு மாமா கப்பல்?" என்றான். நான் அம்மாவை மனதில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்து ஜன்னல் அறையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஆளுக்கொரு வகையாக மூன்றுமே எடுத்துக்கொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வேன் பிடித்துச் சென்னைத் துறைமுகம் போனோம். நான் ஜன்னல் கட்சி. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

சென்னையிலிருந்து பருவத்தில் ஓடும் கோர்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' 1990இல் பிரான்சின் சான் நசேர் தளத்தில் கட்டிய கப்பல். அப்போது அதன் பெயர் நார்டிக் எம்ப்ரஸ். பிரான்சில் பிறந்தும் புதுச்சேரிக்குள் கால் வைக்க அதற்குச் சில வருடம் பிடித்தது. 2022இல் அரசு அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில்தான் புதுச்சேரிக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டுப் பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்பினார்கள். கப்பலின் வயதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது கட்டும் கப்பல்களில் பால்கனி அறைகள் வரிசை வரிசையாக இருக்கும். அந்தக் காலத்துக் கப்பல்களில் அது பணக்காரர் சமாச்சாரம். எம்ப்ரஸில் பால்கனி வேண்டுமென்றால் மினி சூட் வகைக்கு ஏற வேண்டும். விலையும் கூடவே ஏறும். உள்ளறைக்கும் ஜன்னல் அறைக்கும் இடையில் இருக்கும் விலை வித்தியாசம் அந்த அளவுக்கு வயிற்றைக் கலக்காது.

மற்றதெல்லாம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதே பஃபே, அதே நீச்சல்குளம், ராத்திரி அதே ஷோ. கப்பல் கிளம்பும்போது நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு, சூட்டில் இருப்பவரும் வந்துதான் நிற்க வேண்டும். அது சர்வதேச விதி. அறையைத் திறக்கும் அட்டையிலேயே செலவுக் கணக்கும் ஏறும். கரை மறைந்ததும் போன் சிக்னலும் போய்விடும். அப்போது போனை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் கப்பலின் ரோமிங் நெட்வொர்க் பிடித்துக்கொண்டு பில் எகிறும். இதிலெல்லாம் கேபினுக்குச் சம்பந்தம் இல்லை.

"அறையில யாரு இருக்கப் போறா, தூங்க மட்டும்தானே?" என்று எல்லோரும் சொல்வார்கள். கடலில் கழிகிற முழு நாளில் இது பொய்த்துப்போகும். பதினோரு மணிக்கு மேல் மேல்தளத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். இட்லி, பூரி, அப்புறம் மதியச் சாப்பாடு என்று வயிறு நிரம்பியபின் கால் தானாக அறைக்குத்தான் போகும். நாலு மணி டீ வரைக்கும் பெரியவர்கள் வெளியே வருவதில்லை. அந்த நேரமும் ராத்திரியும் சேர்ந்தால் நாளில் பாதிக்கு மேல்.

அந்தப் பாதி நாளை நல்லதாக்குவதும் கெடுப்பதும் கப்பலின் ஆட்டம். விலைப் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் ஸ்பீட் பிரேக்கரில் தலை கூரையில் இடிக்கும், நடு சீட்டில் அவ்வளவு தெரியாது இல்லையா? கப்பலுக்கும் அதே கணக்கு. முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது மூக்கிலும் வாலிலும் இருக்கும் அறைகள்தான் அதிகம் தூக்கிப்போடும். இடவலமாகச் சாயும்போது உயரத்தில் இருக்கும் அறை அதிக தூரம் போய் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நீளத்தில் நடுவாகவும் உயரத்தில் கீழாகவும் இருக்கும் அறைதான் எல்லாவற்றிலும் குறைவாக ஆடும். விலை அதிகமான அறைகளோ பெரும்பாலும் மேலே இருக்கின்றன. ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்!

ஆட்டத்தைக் குறைக்கத் தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர்கள் உண்டு என்று ஏஜென்ட் சொல்வார். உண்மைதான். ஆனால் அவை பக்கவாட்டுச் சாய்வைத்தான் குறைக்கும், அதுவும் கப்பல் ஓடும்போதுதான் நன்றாக வேலை செய்யும். புதுச்சேரியில் இவ்வளவு பெரிய கப்பல் ஒட்டி நிற்கத் துறை இல்லை. திறந்த கடலில் நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் திரும்பிக்கொள்ளும். அலை பக்கவாட்டில் வந்தால் மெதுவாக உருளும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக் கடல் கொந்தளிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் கப்பல் இந்தப் பக்கம் வருகிறது. நம் பக்கம் அந்த அளவு மோசமில்லை என்றாலும் கடல் குளமாகக் கிடக்காது.

உள்ளறையும் நடுவில், கீழே கிடைக்குமே, அது இன்னும் மலிவாயிற்றே என்று கேட்கலாம். மகன் அறை அப்படித்தான் இருந்தது. அவன் குகையில் கிடப்பதுபோல் மத்தியானம் வரை தூங்கினான், ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் குமட்டல் வருவதே உடல் உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாததால்தான். நான்கு சுவருக்குள் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் இருக்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுகிறது என்கிறது. தேவனாம்பட்டினத்தில் முதல் தடவை படகில் ஏறுகிறவனைக் கீழே குனியாதே, தூரத்தைப் பார் என்பார்கள். அந்தத் தூரம் ஜன்னல் அறையில் படுக்கையிலிருந்தே தெரியும். குமட்டலுக்கு அவோமின் மாத்திரை போட்டுக்கொள்வதென்றால் கிளம்பும் முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். வயதானவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, வெளிச்சம். உள்ளறையில் காலை ஐந்தும் சாயங்காலம் ஐந்தும் ஒன்றுதான். அம்மா அங்கே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எப்படிடா விடிஞ்சது தெரியும்?" என்று கேட்டதோடு சரி, மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. எழுந்ததும் கிழக்குப் பார்த்துக் கும்பிடும் பழக்கமுள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பால்கனிக்காரனுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு காபியோடு உட்கார்ந்திருந்தபோது மச்சினன் முகத்தில் இருந்த களையை நான் மறுக்கவில்லை. புதுமணத் தம்பதிக்கு அதுதான் சரி. மற்ற நேரமெல்லாம் புழுக்கமான உப்புக் காற்று, கதவைத் திறந்தால் உள்ளே ஏசி வீணாகும், துணி காயப்போட விடமாட்டார்கள், சின்னக் குழந்தை இருந்தால் கண்ணை எடுக்க முடியாது. சில்வர் பீச்சில் சுண்டல் காசுக்குக் கிடைக்கும் கடல்காற்றை எங்கள் ஊர்க்காரன் கப்பலில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவானேன் என்பது என் கட்சி. மச்சினன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜன்னல் அறையிலும் குறை உண்டு. கண்ணாடி திறக்காது, வெளிப்பக்கம் உப்புப் படிந்து மங்கும். சில தளங்களில் ஜன்னலுக்கு நேராக உயிர்காக்கும் படகு தொங்கும். காசு கொடுத்து ஆரஞ்சு நிறப் படகைப் பார்த்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

இதெல்லாம் ஓரளவு அமைதியான கடலில், சில ராத்திரிப் பயணத்தில் பார்த்தது. ஒரு வாரத்துக்கு மேல் போகிறவர்களுக்குப் பால்கனி வேறு மாதிரி படலாம். வடகிழக்குப் பருவத்தில் நான் கப்பலேறியதில்லை. 'தானே' புயலைக் கடலூரில் இருந்து பார்த்தவன், ஏறும் எண்ணமும் இல்லை.

பக்கம் பார்த்துக் கேட்கிறவர்களுக்கு: சென்னையிலிருந்து வடக்கே போகும்போது கரை இடப்பக்கம், சூரியோதயம் வலப்பக்கம். தெற்கே வரும்போது தலைகீழ். போய்த் திரும்பும் பயணத்தில் இரண்டும் கிடைத்துவிடும். அதைவிட மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று தள வரைபடத்தில் பாருங்கள். தலைக்கு மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், பாட்டுக் கச்சேரி அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை தொம் தொம். மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம் உத்தமம். மூக்குப் பக்கத்து அறையில் நங்கூரச் சங்கிலி இறங்கும்போது தூக்கிவாரிப்போடும்.

'கேரண்டி' என்ற பெயரில் கொஞ்சம் மலிவாக ஒரு டிக்கெட் உண்டு. வகை மட்டும்தான் உங்களுடையது, எந்த அறை என்பதைக் கம்பெனி பிறகு முடிவுசெய்யும். மகனுக்கு அது போதும். பெரியவர்களோடு போகிறவர்கள் பணம் கட்டும் முன் அறை எண்ணைக் கேட்டு வாங்கி, அது வரைபடத்தில் நடுவில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.