பஞ்சா, தெர்மாகோலா, அரிசியா: சத்தத்தை அளக்க ஃபைஃபாக்ஸ் செயலி எப்படி?

துணி சுற்றினால் சத்தம் குறையும் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் தலையாட்டும். எந்தத் துணி, எவ்வளவு குறைக்கும் என்று அதுவே கேட்க ஆரம்பிக்க வேண்டுமானால், சத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கையில் இருக்கும் ஃபோனே போதும். ஜெர்மனியின் ஆகன் நகரில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.ஹெச். பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் இலவசச் செயலி. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் ஓடும். அதில் ‘ஆடியோ ஆம்ப்ளிடியூட்’ என்ற சோதனையைத் திறந்து, மேலே உள்ள முக்கோணத்தைத் தொட்டால் சத்தத்தின் அளவு கோடாக ஓடத் தொடங்கும்.

சரியான ஒலி மீட்டரோடு ஒப்பிட்டு அளவுதிருத்தம் செய்யாதவரை அது காட்டும் எண் உண்மையான டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) அல்ல. இது குறையாகத் தெரியலாம், ஆனால் இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. மூடுவதற்கு முன் ஓர் எண், மூடிய பின் ஓர் எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. 10 குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிவிட்டது, காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கும். பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டாம். கோடு எவ்வளவு இறங்கியது என்று விரலால் காட்டச் சொன்னால் போதும்.

செய்முறை இது. ஐந்து கிலோ அரிசி பிடிக்கும் எவர்சில்வர் டப்பா, உள்ளங்கை அளவு எஃப்.எம். ரேடியோ. ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்தால் ‘உஸ்ஸ்’ என்று ஒரே சீராக இரையும். அந்த இரைச்சல்தான் வேண்டும். அலாரம் விட்டுவிட்டு அடிப்பதால் கோடு குதிக்கும். செயலியிலேயே இருக்கும் ஒற்றைச் சுர ஒலியும் சரிப்படாது: சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேரே வரும் ஒலியும் சேர்ந்து, ஃபோனைச் சில அங்குலம் நகர்த்தினாலே எண் மாறிவிடும்.

டப்பாவை ஒரு மேசையில் வையுங்கள். ஃபோனை அரை மீட்டர் தள்ளி, வேறொரு ஸ்டூலில். இரண்டும் ஒரே மேசையில் இருந்தால் அதிர்வு பலகை வழியாகவே ஃபோனுக்குப் போய்விடும், டப்பாவுக்குள் எதைப் போட்டாலும் கோடு சரியாக இறங்காது. மைக் பெரும்பாலும் ஃபோனின் அடியில் இருக்கும்; அந்தப் பக்கம் டப்பாவைப் பார்க்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மெனுவில் உள்ள நேரக்கட்டுப்பாட்டு ஓட்டத்தில் 3 வினாடி தாமதம், 10 வினாடி ஓட்டம் என்று வைத்தால், யாரும் ஃபோனைத் தொடாமல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளக்கலாம். செயலியில் மிகவும் பயன்பட்ட வசதி இதுதான்.

இனிப் பொருள்கள்: பஞ்சு, மடித்த துண்டு, கசக்கிய செய்தித்தாள், தெர்மாகோல், அரிசி. ரேடியோவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு டப்பாவுக்குள் வைத்து, அடி, பக்கம், மேல் எல்லாப் புறமும் இரண்டு அங்குலம் வருமாறு ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். இந்தத் தடிமன் மாறினால் ஒப்பீடே தப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்பு பிள்ளைகள் கண்ணை மூடிக் காதால் கேட்டு, எது ஜெயிக்கும் என்று சொல்லட்டும், பிறகுதான் ஃபோன். பலரும் தெர்மாகோலைத்தான் சொல்வார்கள், டிவியே அதில்தானே பத்திரமாக வருகிறது! ஆனால் தெர்மாகோல் அடியைத் தாங்கும், சத்தத்தைத் தாங்காது. அதன் குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியவை, காற்று ஊடே போக வழியில்லை, எடையும் இல்லை. பஞ்சில் காற்று இழைகளுக்கிடையே நெளிந்து உரசி, ஒலியின் ஆற்றல் துளி வெப்பமாகிப் போகிறது. அரிசி வேறு வழியில் ஜெயிக்கிறது: கனமானதை ஆட்டுவது ஒலிக்குக் கடினம். ஒரு கையில் தெர்மாகோல் துண்டு, மறு கையில் அரிசிப் பையைக் கொடுத்து, “எதை ஊதி நகர்த்த முடியும்?” என்று கேளுங்கள். ஐந்து வயதுக்கும் அது புரியும்.

கட்டாயம் காட்ட வேண்டிய இன்னொன்று, மூடி. அரிசி நிரப்பிய டப்பாவில் ரேடியோ வரை ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் விட்டு, மூடியையும் அந்த அளவு திறந்து அளந்தால் கோடு சட்டென்று ஏறும்.

குறைகள் உண்டு. சில ஃபோன்கள் சீரான இரைச்சலைத் தேவையற்றது என்று நினைத்துத் தாமே அடக்கிவிடும். ரேடியோவைத் திறந்தே வைத்து 30 வினாடி ஓட்டிப் பாருங்கள். கோடு தானாகச் சரிந்தால் அந்த ஃபோன் உதவாது. ஃபோனை டப்பாவுக்குள் வைத்து, கோட்டை வைஃபை வழியாக வேறொரு திரையில் பார்க்கும் வசதியைப் பயன்படுத்தவும் தோன்றும். எவர்சில்வருக்குள் வைஃபை தடுமாறும், அது வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே செயலியே வேண்டாம்: டம்ளரைக் கரண்டியால் தட்டி, விளிம்பைத் துணியால் பிடிக்கச் சொல்லுங்கள். ஆறிலிருந்து பத்து வயது வரை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், காசு கொடுத்து வாங்கும் ஒலி மீட்டர் தேவைப்படாது.