16 இழுப்பு வீடியோவை நம்பி வாங்கிய ரீலோடிங் பிரஸ்

சுட்டு முடித்த கூடுகளை மறுபடி தோட்டாவாக்கும் மெஷின்தான் ரீலோடிங் பிரஸ். அதில் பழைய ப்ராக்ரஸிவ் பிரஸ் ஒன்றை, அதுவும் கேஸ் ஃபீடரோடு சேர்த்து வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம்தான் பாடம் படித்தேன். விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை. ஆள் மாறினாலும் வித்தை இதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (கேஸ் என்றதும் கோர்ட்டுக்குப் போய்விடாதீர்கள். சுட்டு முடித்த தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டைத்தான் சொல்கிறேன்.) சாதாரண பிரஸ்ஸில் ஒரு கூட்டை வைத்து, ஒரு வேலையை முடித்து, எடுத்துவிட வேண்டும். ப்ராக்ரஸிவில் கூடுகளைத் தாங்கும் வட்டமான ஷெல் பிளேட், கைப்பிடியின் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு இடம் நகரும். ஒரு கூடு பழைய அளவுக்கு இறுகும்போதே இன்னொன்றில் பவுடர் (வெடிமருந்து) விழும், வேறொன்றில் குண்டு உட்காரும். வரிசை நிரம்பிவிட்டால் ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா. முதல் இடத்துக்குக் கூட்டைக் கையால் வைக்கும் வேலையை மிச்சப்படுத்துவதுதான் கேஸ் ஃபீடர். மேலே ஒரு கிண்ணம், அதற்குள் மோட்டாரில் சுற்றும் பள்ளம் வெட்டிய தட்டு, கீழே இறங்கும் குழாய், குழாயின் அடியில் கூட்டை ஷெல் பிளேட்டுக்குள் தள்ளிவிடும் தள்ளுகட்டை. தொந்தரவு வந்தால் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில்தான் வரும்.

விளம்பரத்தில் "முழு சர்வீஸ் செய்தது, 9 மி.மீ.க்கு செட் பண்ணியது, பட்டு மாதிரி ஓடும்" என்று இருந்தது. (9 மி.மீ. என்பது தோட்டாவின் அளவு.) கூடவே ஒரு வீடியோ. கை நிதானமாக இழுக்கிறது, கூடுகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன, ஒன்றுகூடச் சாயவில்லை. நாலு தடவை பார்த்தேன். "தரம் பிரித்த 9 மி.மீ. பித்தளையும் ஒரு மூட்டை இருக்கு சார், சேர்த்து எடுத்தா குறைச்சுப் போட்டுத் தர்றேன்" என்றார். அதையும் வாங்கினேன். குறைத்துத் தருகிறேன் என்ற வார்த்தைக்கு நான் எப்போதும் விழுந்துவிடுவேன்.

முதல் நாளே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒரு கூடு சாய்ந்து, டையின் (கூட்டின் மேல் இறங்கி வேலை செய்யும் அச்சு) விளிம்பில் மோதி நசுங்கியது. நடுநடுவே ஒன்று தலைகீழாக, வாய் கீழே பார்க்க வந்து நின்றது. மேலே தட்டு சுற்ற முடியாமல் திணறி டக் டக் என்று நழுவிக்கொண்டே இருந்தது. போன் செய்தேன்.

"பித்தளை அழுக்கா இருக்கும் சார். நல்லா கழுவிப் பாருங்க."

"இது நீங்க கொடுத்த பித்தளைதானே?"

ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, "அப்போ கைப்பிடிய வேகமா இழுக்கறீங்க. ஒரே சீரா இழுக்கணும் சார், பழகப் பழக வந்துடும்."

இரண்டு வாரம் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் சண்டை போட்டதும், "அனுப்புங்க, ட்யூனிங் பண்ணித் தர்றேன்" என்றார். அதற்குத் தனிக் கட்டணம். அனுப்பும் முன் ஒரே ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஷெல் பிளேட்டின் நடு போல்ட், தள்ளுகட்டையின் திருகுகள், கிண்ணத்தின் அடிமூடி, எல்லாவற்றின் மேலும் மெல்லிய கோடாக நெயில் பாலிஷ் இழுத்துவைத்தேன். திருகைக் கொஞ்சம் திருப்பினாலும் கோடு உடைந்துவிடும். மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு கோடுகூட உடையவில்லை. எண்ணெய் மட்டும் வழிய வழிய ஊற்றியிருந்தது, குழாயின் உள்சுவர் வரைக்கும். கூடு இறங்கும் வழியில் எண்ணெய் இருந்தால் தூசியும் பாலிஷ் பொடியும் ஒட்டிப் பிசுபிசுத்துவிடும். இருந்த நிலைமையையும் கெடுத்து அனுப்பியிருந்தார்.

அதன் பிறகு நானே உட்கார்ந்தேன். பவுடர், பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) எதுவும் இல்லாமல், எல்லா டைகளையும் கழற்றிவிட்டு, மோட்டாரை அணைத்து, குழாயைக் கையால் நிரப்பி நிரப்பி 100 இழுப்பு. 4 கூடுகள் சாய்ந்தன. ஆக, கிண்ணம் மட்டும் குற்றவாளி இல்லை. அடுத்து, குழாயின் கீழே ஒரு டப்பாவை வைத்து கிண்ணத்தை மட்டும் ஓடவிட்டேன். 200 கூட்டில் 11 தலைகீழாக விழுந்தன, இரண்டு முறை சிக்கி நின்றது. மேலேயும் நோய், கீழேயும் நோய். இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் எல்லாத் திருகையும் ஒரே நாளில் திருகுகிறவர்கள் எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நானும் முதல் வாரம் அதைத்தான் செய்தேன்.

கீழே: குழாயின் அடியில் கூட்டை நேராகப் பிடித்து நிறுத்தும் புஷ், 9 மி.மீ.க்கு உரியதே இல்லை, .40 என்ற பெரிய தோட்டா அளவுக்கு உரியது. 9 மி.மீ. கூட்டின் அடிவிளிம்பு 10 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு, .40இன் விளிம்பு 10.8 மி.மீ. அந்த இடைவெளியில் கூடு ஆடாமல் என்ன செய்யும்? ஷெல் பிளேட்டை விரலால் அழுத்தினால் மேலும் கீழும் அசைந்தது. நடு போல்ட்டைப் பூட்டி வைக்கும் சின்னத் திருகே இல்லை. தள்ளுகட்டையைக் கழற்றியபோதுதான் அசந்துபோனேன். தேய்ந்த பக்கத்தை ஈடுகட்ட, பானக் கேனிலிருந்து வெட்டிய தகரத் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து அடியில் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கேனின் சிவப்பு வண்ணம்கூட அதில் பாதி இருந்தது. பசை காய்ந்து ஒரு மூலை பெயர்ந்ததால், சில இழுப்புக்குத் தள்ளுகட்டை முழுதாகப் பின்வாங்காமல் அடுத்த கூட்டைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தியது.

மேலே: தட்டு பெரிய கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு உரியது. கூட்டின் கனமெல்லாம் அடிப்பாகத்தில் இருப்பதால், பள்ளம் அளவாக இருந்தால் அடிப்பாகம் முதலில் சரிந்து இறங்கும். பள்ளம் பெரிதானால் வாய் கீழாகவும் புரண்டு விழும். தட்டை மாற்றாமல் பள்ளங்களில் டேப் சுற்றி ஒப்பேற்றியிருந்தார்.

கடைசியாகக் கிடைத்ததுதான் என்னை அந்த வீடியோவுக்குத் திரும்ப அனுப்பியது. குழாய் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த, மேல்முனையில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும். என்னுடையதில் ஸ்விட்ச்சின் நாக்கு உடைந்திருந்தது. இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி டேப் ஒட்டியிருந்தார்கள். அதனால்தான் நிரம்பிய குழாயின் மேல் தட்டு ஓயாமல் சுற்றிக் கூடுகளை நெரித்துக்கொண்டிருந்தது. வீடியோவை மறுபடி போட்டு, இந்தத் தடவை கண்ணை மூடிக் கேட்டேன். மோட்டார் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிறகு இழுப்புகளை எண்ணினேன். 16. என் குழாயில் 21 கூடு கொள்ளும். முன்கூட்டியே பொறுக்கி எடுத்த கூடுகளைக் குழாயில் அடுக்கிவிட்டு, சத்தத்துக்காக மோட்டாரை ஓடவிட்டிருக்கிறார். கிண்ணம் காட்சியில் வரவே இல்லை. டை ஒன்றுகூட மாட்டவில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

பித்தளை மூட்டை இன்னொரு கதை. 500 எடுத்துக் கையால் பிரித்தேன். அதில் 23 கூடு .380 என்ற வேறு அளவு. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 9 மி.மீ. கூட்டின் நீளம் 19.15 மி.மீ., .380 சுமார் 17.3. இரண்டு 9 மி.மீ. கூட்டுக்குள் .22 என்ற இன்னும் சின்ன அளவுக் கூடு செருகிக் கிடந்தது. .380 என்றால் ஃபீடர் சிக்கும் என்பதோடு போகவில்லை. கூடு மேலே முட்டித் தள்ளினால்தான் பவுடர் விழும் என்கிற வகை அளவியில், குட்டையான கூடு முழுதாகத் தள்ளாது, பவுடர் குறையும், சில சமயம் விழவே விழாது. அப்படி ஒரு தோட்டா குண்டைத் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே நிறுத்திவிட்டு, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். இதைத்தான் "தரம் பிரித்தது" என்று விற்றார். எனக்கு இன்றுவரை கோபம் ஆறாதது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சிக்கல் வந்த ஒவ்வொரு முறையும் கவனமெல்லாம் முதல் இடத்துக்கே போய்விடும். கைப்பிடியைப் பாதி இறக்கி, பாதி ஏற்றி, மறுபடி இழுப்போம். அதற்குள் பவுடர் இடத்தில் இருக்கும் கூட்டுக்கு இரண்டு முறை பவுடர் விழுந்திருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் சிக்கினால் கண்ணில் போட்ட பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், பவுடர் இடத்திலிருந்து கடைசி வரை உள்ள எல்லாக் கூடுகளையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டுத்தான் முதல் இடத்தில் கை வைக்கிறேன்.

என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினேன். கனத்தில் தட்டு திணறும், தலைகீழாக விழுவதும் கூடும். மேஜையும் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்ததில் கொஞ்சம் குறைந்தது. மீதியெல்லாம் அவர் கொடுத்ததுதான்.

சரியான தட்டு, புஷ், தள்ளுகட்டை, ஸ்விட்ச், அந்தச் சின்னத் திருகு எல்லாம் மாற்றிய பிறகு இப்போது 500க்கு ஒன்றோ இரண்டோ சாய்கிறது. அதற்கான செலவையும் ட்யூனிங் கட்டணத்தையும் கூட்டினால் புது மெஷின் விலையை எட்டிப்பிடித்துவிட்டது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நேரில் போய் உங்கள் சொந்தப் பித்தளை 100 கூட்டைக் கிண்ணத்தில் கொட்டச் சொல்லுங்கள். எல்லா டையும் மாட்டியிருக்கட்டும், பவுடர், பிரைமர் வேண்டாம். குழாய் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிறதா, இரண்டு மூன்று கூடு குறைந்ததும் மறுபடி ஓடுகிறதா என்று பாருங்கள். ஷெல் பிளேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டும் புஷ்ஷும் எந்த அளவுக்கு உரியவை என்று கேளுங்கள். தள்ளுகட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் கழற்றினா செட்டிங் போயிடும் சார்" என்று பதில் வந்தால் வண்டியைக் கிளப்பிவிடுங்கள்.

நேற்று அவருடைய புது விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. வேறு ஏதோ பிரஸ். ஆனால் வீடியோ அதேதான், இப்போது என் மேஜையில் இருக்கும் மெஷின். 16 இழுப்பு, மோட்டார் நிற்கவே இல்லை.