வெல்லத்துக்கு வாங்கிய தண்ணீர் ஃபவுண்டன்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

இதை ஆசைப்பட்டு வாங்கவில்லை, பயந்து வாங்கினேன். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி எங்கள் பூனை வெல்லம், ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக வைத்திருக்கும் மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினான். நாலு வயது ஆண் பூனை, அச்சு வெல்ல நிறம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போவான், மண்ணைப் பறிப்பான், உட்காருவான், எழுந்து வந்துவிடுவான். “மலச்சிக்கலா இருக்கும் கண்ணு, துளி வெளக்கெண்ணெ குடுத்துப் பாரு” என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விடியட்டும் என்று விட்டுவிட்டோம். தட்டில் ஒரு இடம்கூட நனையவில்லை என்பதை விடிந்த பிறகுதான் கவனித்தேன். அதற்குள் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாந்தி எடுத்துவிட்டான்.

டாக்டரம்மா அடிவயிற்றைத் தொட்டதும் முகம் மாறினார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். சாத்துக்குடி மாதிரி உருண்டு, கல்லாக இருந்தது சிறுநீர்ப்பை. ஆண் பூனைக்குச் சிறுநீர் வரும் வழி ரொம்பக் குறுகல். சிறுநீரில் சேரும் உப்புப் படிகமும் சளியும் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நிற்கும். ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போய்விடும் என்றார். மயக்கம் கொடுத்து டியூப் போட்டு, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார். ஆண் பூனை வளர்ப்பவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்: முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் அது ராத்திரியானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், அது பூனைக்கு விஷம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னதில் பாதி தண்ணீரைப் பற்றித்தான். பூனை வறண்ட நாட்டில் வேட்டையாடி வாழ்ந்த பிராணி, இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துப் பழகியது. எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். நாம் போடும் பிஸ்கட் தீனியில் 10 சதவீதம்தான். அந்தக் குறையைக் குடித்து ஈடுகட்டும் அளவுக்குப் பூனைக்குத் தாகம் எடுப்பதில்லை. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லி என்று கணக்கு வைத்தால், நாலரைக் கிலோ வெல்லத்துக்குச் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து 225 மில்லி வேண்டும்.

அதற்காகத்தான் இந்த ஃபவுண்டன். உள்ளே இருக்கும் சின்னப் பம்பு தண்ணீரை மேலே ஏற்றி வழிய விட்டுக்கொண்டே இருக்கும், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் பூனை கூடுதலாகக் குடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. 2 லிட்டர் பிடிக்கும், 1,650 ரூபாய். கம்பெனிப் பெயரை எழுதவில்லை, இதே பொருள் பத்துப் பெயரில் விற்கிறது. மேல் தட்டு ஸ்டீல், அதுதான் முக்கியம். முன்பு பிளாஸ்டிக் கிண்ணத்தில் குடித்தபோது தாடையில் கரும்புள்ளியாகப் பரு வந்துகொண்டே இருந்தது, இப்போது இல்லை.

நிஜமாகவே கூடுதலாகக் குடிக்கிறானா என்று அளந்து பார்த்தேன். பூனையை இன்னொரு அறையில் அடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க மெஷினை மட்டும் ஓட்டினால் 30 மில்லி ஆவியாகிறது. அதைக் கழித்துவிட்டு ஒரு வாரம் கணக்குப் போட்டேன். கிண்ணத்தில் வைத்தபோது நாளுக்கு 60, 70 மில்லி குடித்தவன், இதில் 100ஐத் தாண்டினான். வழிந்து வரும் தண்ணீரை முதலில் முன்னங்காலால் தட்டிப் பார்ப்பான், காலை நக்குவான், அப்புறம்தான் நாக்கை நீட்டுவான். ஆனால் எல்லாப் பூனைக்கும் ஓடும் தண்ணீர் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தங்கை வீட்டுப் பெண் பூனை இதைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறது, அதற்கு அகலமான வட்டில்தான் சரி.

பராமரிப்பு வேலை நிறைய. நான் வீட்டில் பனியன் துணிக்கு ஓவர்லாக் அடிக்கிறேன். முதலில் ஃபவுண்டனைத் தையல் மெஷின் பக்கத்திலேயே வைத்ததில் பஞ்சு பறந்து விழுந்து ஐந்தே நாளில் ஃபில்டர் கெட்டுவிட்டது. இப்போது ஆசாரத்து மூலையில், மண் தட்டுக்கும் தள்ளி வைத்திருக்கிறேன். போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். இரண்டே வாரத்தில் பம்பு முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்து முனக ஆரம்பித்தது. எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுத் தேய்த்தால் போகும். ஆனால் அந்த வாசனை பூனைக்கு ஆகாது, நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். நல்ல தண்ணீரே ஊற்றினாலும் நாலு நாளைக்கு ஒரு முறை பம்பைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் உள்ளே தேய்க்கிறேன். விரலுக்கு வழவழ என்று தட்டினால் அது அழுக்குத்தான்.

மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாளில் செல்போன் பவர் பேங்கில் ஓடுகிறது, இது எனக்குப் பெரிய உபகாரம். அப்படியும் பக்கத்தில் ஒரு ஸ்டீல் வட்டிலில் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

இது மட்டும்தான் வெல்லத்தைக் காப்பாற்றுகிறது என்று சொன்னால் பொய்யாகும். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஈரத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், பெரிய வேலையை அதுதான் செய்கிறது. கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ஈரத் தீனியை வாங்குங்கள். அப்புறம், சிறுநீர் பட்டதும் கட்டியாகும் மண்ணைத் தட்டில் போட்டு உருண்டைகளைத் தினம் எண்ணுங்கள். வெல்லத்துக்கு மூன்று, எலுமிச்சம்பழ அளவில். கோலிக்குண்டு மாதிரி சின்னச் சின்னதாக நிறைய விழுந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்துவிடுவேன்.

குறை என்றால் பம்புதான். தண்ணீர் மட்டம் இறங்கினால் ‘கர்ர்’ என்று சத்தம் போடுகிறது, வெல்லம் பயந்து கிட்டே வரமாட்டான். கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் தண்ணீர் வற்றி, பம்பு எரிந்தே போனது. தானாக நிற்கும் வசதி இந்த மாடலில் இல்லை. அதே அளவுப் பம்பு உள்ளூர்க் கடையில் கிடைக்காமல், வரவழைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் ஈரத் தீனியில் இன்னும் ரெண்டு கரண்டி வெந்நீர் கலந்து கொடுத்தேன். வாங்குகிறவர்கள் முதலிலேயே ஒரு பம்பு கூடுதலாகச் சேர்த்து வாங்கிவிடுங்கள், 300 ரூபாய்க்குள்தான் ஆகும்.