எம்ஜிபி வாட்டர் பம்ப்: புதுசா, பழசைச் சரிசெய்வதா, மின்சார பம்பா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் எம்ஜிபியில் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடுவது அந்தக் காலத்து வார்ப்பிரும்பு வாட்டர் பம்ப் என்றால், அது எவ்வளவு சொட்டினாலும், எவ்வளவு ஆட்டம் கொடுத்தாலும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுசாக ஒன்று வாங்கி மாட்டலாம், பழசையே சரிசெய்யலாம், எங்கோ அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடந்த பழைய சரக்கைத் தேடிப் பிடிக்கலாம், அல்லது மின்சார பம்புக்கு மாறலாம். முதல் இரண்டையும் என் காரிலேயே செய்து பார்த்தேன், மின்சாரத்தை ஒரு நண்பரின் காரில் கூட நின்று பொருத்தினேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

என் கார் 1969 ரோட்ஸ்டர் (மேலே திறந்த வகை), 1798 சிசி, ஐந்து மெயின் பேரிங் எஞ்சின். இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்கக் கராஜில் நின்றுவிட்டு ஏப்ரலில் வெளியே வந்தபோது பம்பின் மூக்குக்கு (ஃபேன் மாட்டுகிற முன்முனை) கீழே உப்புப் பூத்த மாதிரி வெளிர்நீலப் பொருக்கு தெரிந்தது. நீல ஆன்டிஃப்ரீஸ் (தண்ணீர் உறையாமலும் துருப்பிடிக்காமலும் இருக்கக் கலக்கும் திரவம்) காய்ந்தால் அப்படித்தான் தெரியும். விரலால் சுரண்டிப் பார்த்தேன், அடியில் ஈரம். அப்புறம் எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே ஃபேன் இறக்கையை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன், லேசாக ஒரு 'டக்' என்று கேட்டது. பேரிங் நன்றாக இருந்தால் அந்தச் சத்தம் வரவே கூடாது. பலர் இந்த நிலையிலும் 'கொஞ்சம்தானே சொட்டுகிறது' என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டுகிறார்கள். ஃபேன் பம்பின் மூக்கில்தான் மாட்டியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பேரிங் முழுசாகக் கைவிட்டால் ஃபேன் சாய்ந்து ரேடியேட்டரைக் கடித்துவிடும், பம்போடு போக வேண்டிய செலவு ரேடியேட்டர் வரைக்கும் போய்விடும்.

எதை வாங்குவது என்று பார்க்கும் முன், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பேரிங். பின்முனையில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், முன்முனையில் புல்லியும் ஃபேனும் மாட்டுகிற ஹப். பேரிங்குக்கும் இம்பெல்லருக்கும் நடுவில் கார்பன் முகம் வைத்த ஸ்பிரிங் சீல். சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அது சொட்டுகிறதென்று பசையைத் திணித்து அடைத்த கார்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் தண்ணீர் நேராகப் பேரிங்குக்குள் இறங்கி, கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

நம் ஊரில் அம்பாசடர் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதுசாக இருக்காது. அம்பாசடரில் ரொம்ப வருஷம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான். பானெட்டைத் திறந்ததும் எனக்கு எங்கள் பழைய வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது.

சரி, முதலில் புது பம்ப். இப்போது கடைகளில் கிடைப்பவை மறுதயாரிப்புகள், அதாவது பழைய வடிவத்தைப் பார்த்துப் புதுசாகச் செய்தவை. பெரும்பாலும் அலுமினிய உடம்பு, சிலது வார்ப்பிரும்பு. கைக்குச் சுலபமாகக் கிடைக்கும், விலை குறைவு, ஆர்டர் போட்ட சில நாளில் வீட்டுக்கு வந்துவிடும். நானும் முதலில் அதைத்தான் செய்தேன், இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கினேன். இரண்டு கோடைகள் ஓடியது, மூன்றாவது கோடையில் அதே துளையிலிருந்து அதே நீலப் பொருக்கு. கழற்றிப் பார்த்தபோது இம்பெல்லர் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்ததாக இருந்தது, இறக்கைகள் மெல்லிசு, ஓரமெல்லாம் துரு. பக்கத்தில் 1969-ல் வந்த பழைய பம்பை வைத்துப் பார்த்தேன். அதன் இம்பெல்லர் வார்த்து எடுத்தது, ஒவ்வொரு இறக்கையும் தடிமனாக, நல்ல உயரத்தோடு நின்றது. அரை நூற்றாண்டு தண்ணீரில் கிடந்தும் ஓரம் கொஞ்சம்தான் தேய்ந்திருந்தது. அந்த இரண்டையும் மேஜையில் அருகருகே பார்த்த பிறகுதான் நான் பம்பை விலையால் பார்ப்பதை விட்டேன்.

அதற்காக எல்லாப் புது பம்பும் மோசம் என்று சொல்லவில்லை. வார்ப்பு இம்பெல்லர் போட்ட நல்ல மறுதயாரிப்பும் வருகிறது, கொஞ்சம் கூடுதல் காசு, அவ்வளவுதான். கடைக்காரரிடம் இம்பெல்லர் வார்ப்பா தகடா என்று வாங்கும் முன் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் பின்பக்கப் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், படத்தைப் பார்த்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். அலுமினிய உடம்பு என்பதாலேயே பயப்பட வேண்டாம். ஆனால் வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக்கில் அலுமினியத்தை மாட்டி வெறும் தண்ணீரில் ஓட்டினால் அரிப்பு அலுமினியத்தில்தான் ஆரம்பிக்கும், அதனால் ஆன்டிஃப்ரீஸ் கலவையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, எம்ஜிபி 1962-லிருந்து 1980 வரை வந்த கார், அத்தனை வருடத்துக்கும் ஒரே பம்ப் கிடையாது. மூக்கின் நீளம் மாறியிருக்கிறது, அதற்கேற்ற புல்லியும் மாறியிருக்கிறது. கடைசிக் கால கார்களில் ரேடியேட்டர் முன்னால் நகர்ந்து மின்விசிறி வந்த பிறகு பம்பில் ஃபேனே இல்லை. அரை நூற்றாண்டில் எத்தனை கை மாறியதோ, எஞ்சினே வேறு காரிலிருந்து வந்திருக்கலாம். அதனால் காரின் வருடத்தை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள், எஞ்சின் எண்ணைப் பாருங்கள். புது பம்ப் வந்ததும் பிளாக்கில் உட்காரும் முகத்திலிருந்து ஹப் முகம் வரை பழசையும் புதுசையும் அளந்து பாருங்கள். அது பொருந்தவில்லை என்றால் ஃபேன் பெல்ட் கோணலாக ஓடும், பெல்ட்டும் போகும், பேரிங்கும் போகும்.

இரண்டாவது வழி, என் மனசுக்கு நெருக்கமானது: பழைய உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது. இதற்குப் பிரஸ் (அழுத்திப் பொருத்தும் இயந்திரம்) வேண்டும். ஹப்பைப் பிடுங்கி, தண்டையும் பேரிங்கையும் அழுத்தி வெளியே எடுத்து, புது பேரிங், புது சீல் போட்டு, இம்பெல்லரை மறுபடி சரியான ஆழத்துக்கு ஏற்ற வேண்டும். இம்பெல்லர் இறக்கைக்கும் உறைக்கும் நடுவே அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரைதான் இடைவெளி. ஏறினால் உரசும், இறங்கினால் தண்ணீரைத் தள்ளாமல் சும்மா கலக்கிக்கொண்டிருக்கும். வீட்டில் சுத்தியலால் தட்டிப் பேரிங்கை ஏற்றுகிறவர்களிடம் ஒரு வார்த்தை: ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கும் குண்டுகள் வழியாகத்தான் போகிறது, மாட்டுவதற்கு முன்பே அதன் ஓடுபாதையில் பள்ளம் விழுந்துவிடும். நான் என்னுடையதை இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். ஹப் இதற்கு முன் பல முறை கழற்றி மாட்டப்பட்டிருந்தால் இறுக்கம் போயிருக்கும் என்று அவர் முதலில் அதைத்தான் அளந்தார். சரியான கேள்வி கேட்கிற ஆள் என்று அப்போதே நம்பிக்கை வந்தது.

இதில் குறை இரண்டு. ஒன்று, நேரம். பம்ப் அவர் கையில் இருக்கும்வரை உங்கள் கார் கராஜில்தான். இரண்டு, எல்லா உடம்பும் சரிசெய்யத் தகுந்தது அல்ல. உறைபனியில் வெடித்த உடம்பு, கேஸ்கெட் (கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் தாள்) உட்காரும் முகத்தில் குழிவிழுந்த உடம்பு, பேரிங் வீடு தேய்ந்து தொளதொளத்த உடம்பு, இவற்றையெல்லாம் விட்டுவிடுவதே நல்லது. செலவு மலிவான புது பம்பைவிடக் கூடுதல்தான், ஆனால் நல்ல இம்பெல்லரும் தெரிந்த கையால் போட்ட பேரிங்கும் கிடைக்கிறது. என் பம்ப் சரிசெய்து வந்ததிலிருந்து துளைக்குக் கீழே காய்ந்த இரும்பு மட்டும்தான் தெரிகிறது.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பெட்டியும் எண்ணெய்த் தாளும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நாற்பது வருடம் அலமாரியில் கிடந்த சீலின் ரப்பர் காய்ந்திருக்கும், பேரிங் கிரீஸ் கெட்டியாகியிருக்கும். அதை வாங்கினாலும் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், அதாவது இரண்டாவது வழியில்தான் வந்து நிற்பீர்கள். நல்ல விலைக்குக் கிடைத்தால் உடம்புக்காக வாங்கி வையுங்கள்.

மின்சார பம்ப் வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் செய்யும் இடபிள்யூபி 80 போன்றவை கீழ் ஹோஸில் உட்காரும், நிமிடத்துக்கு 80 லிட்டர் வரை தள்ளும், கூடவே வெப்பநிலையைப் பார்த்து வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரும் வரும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பெல்ட்டில் ஓடும் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், மின்சார பம்புக்கு அந்தக் கவலை இல்லை. காரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஓடி ஹெட்டைக் குளிர்விக்கும். பந்தயத்துக்குப் போகிற காருக்கும், பெரிய எஞ்சின் ஏற்றின காருக்கும் இது நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாலையில் ஓட்டுகிற சாதாரண எம்ஜிபிக்கு? என் பதில் வேண்டாம் என்பதுதான். பழைய பம்பைக் கழற்றி எறிந்துவிட முடியாது, பிளாக்கை மூடவும் ஃபேன் பெல்ட்டுக்கும் அதே உடம்பு வேண்டும், இம்பெல்லரை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். ஆக பேரிங்கும் சீலும் இன்னும் அங்கேதான் இருக்கும், அவையும் ஒருநாள் தேயும். கன்ட்ரோலரோடு ஓட்டினால், சூடு ஏறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட வேண்டும், ஹீட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் எந்த இடத்தில் சேர்கிறது என்று யோசித்து ஹோஸ் போட வேண்டும். நண்பரின் காரில் இந்த ஒரு இணைப்புக்கே எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 1967 வரை வந்த கார்களில் பாசிடிவ் எர்த் (பேட்டரியின் பாசிடிவ் முனை காரின் உடம்போடு இணைந்திருக்கும்), மின்சாரத்துக்கு லூகாஸ் சி40 டைனமோ. அது முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர், மெதுவாகச் சுற்றும்போது அதுவும் இல்லை. இரவில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாம் போட்டு நெரிசலில் நிற்கும் நேரத்தில்தான் பம்பும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அதோடு நெகடிவ் எர்த்துக்காகச் செய்த கன்ட்ரோலரை அந்தக் காரில் அப்படியே இணைக்க முடியாது, முதலில் காரின் துருவத்தையே மாற்ற வேண்டும். என்னுடையதைப் போல ஆல்டர்னேட்டர் வந்த கார்களில் 34 ஆம்பியர் கிடைக்கும், அங்கே சமாளிக்கலாம். இவ்வளவும் செய்து முடிக்கும்போது செலவு சாதாரண பம்பைவிடப் பல மடங்கு. என் மனதை உறுத்துவது இன்னொன்று. பெல்ட்டில் ஓடும் பம்ப் போகும் முன் சொட்டிக் காட்டும், முனகிக் காட்டும். ஒரு ஒயர் கழன்று நின்றுபோகும் பம்ப் எந்த அறிகுறியும் தராது, டெம்பரேச்சர் முள் ஏறுவதைக் கண் பார்த்தால் உண்டு.

சூடு ஏறுகிறது என்பதற்காக மட்டும் பம்பை மாற்ற நினைத்தால், முதலில் பிளாக்கின் பின்பக்க வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். பல கார்களில் திறந்தாலும் ஒரு சொட்டுக்கூட வராது, கம்பியை விட்டுக் குத்தினால் காப்பிக்கொட்டை நிறத்தில் சேறு வரும். அந்தச் சேறு இருக்கும்வரை எந்த பம்ப் போட்டும் பிரயோஜனம் இல்லை. தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள், சாதாரணமாகப் போடுவது 82 டிகிரி செல்சியஸ்.

வேலையைப் பொறுத்தவரை புதுசானாலும் பழசானாலும் ஒரே உழைப்புதான். கூலன்ட்டை வடித்து, ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரை எடுத்து (அது நிற்கும் தடுப்புத் தகட்டோடு சேர்த்தே எடுப்பதாக இருந்தால் ஆயில் கூலர் குழாய்கள் அதன் வழியாகத்தான் போகின்றன, கவனம்), ஃபேனையும் புல்லியையும் கழற்றி, ஆல்டர்னேட்டரை விலக்க வேண்டும், ஏனென்றால் அதன் முன் காது பம்பின் உடம்பிலேயே மாட்டியிருக்கிறது. அதற்கப்புறம் நான்கு போல்ட்டுகள். முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள், உடைந்த போல்ட்டை பிளாக்கிலிருந்து துளைத்து எடுப்பதைப் போல அலுப்பான வேலை கிடையாது. இத்தனை உழைப்பையும் ஒரு மட்டமான பம்புக்காக மூன்று வருடத்தில் இரண்டாவது முறை செய்ததுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

ஆக, நல்ல பழைய உடம்பு இருக்கிறது, கார் சில வாரம் நின்றால் பரவாயில்லை என்றால் சரிசெய்யக் கொடுங்கள். உடம்பு சரியில்லை அல்லது அடுத்த வாரமே கார் வேண்டும் என்றால் வார்ப்பு இம்பெல்லர் போட்ட புதுசு. தகட்டு இம்பெல்லர் வேண்டாம். மின்சாரம், பந்தயக்காரர்களுக்கு.

மாட்டும்போது இரண்டு முகத்தையும் பழைய கேஸ்கெட் துணுக்கு இல்லாமல் சுரண்டி, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக 17 பவுண்ட்-அடி வரை மட்டும் முறுக்குங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்துத் தண்ணீரை நிரப்புங்கள், காற்று அடைத்துக்கொள்ளாது. ஃபேன் பெல்ட்டைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள், நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். புது பெல்ட் என்றால் முதல் சில பயணங்களிலேயே தளரும், அப்போது பானெட்டைத் திறந்து பெல்ட்டையும் அந்தச் சின்னத் துளையையும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.